படிவரை வந்த கடல்

கூதிர் கழிந்து முன்பனி தலைவைக்கும் நாட்கள் அவை. அயல்மண்ணில் அந்தப் பருவம் ஆரவாரத்தோடு வருவதில்லை. விருந்துக்கு வந்த முதியவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதுபோல, வெளிச்சம் நாளுக்கு நாள் சற்று முன்னதாகவே எழுந்து போய்விடும். மரங்கள் முதலில் பொன்னை உதிர்த்தன. பின்பு செம்பை உதிர்த்தன. அதன் பின்பு கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று கைவிரித்து நின்றன. ஞாயிறு, அழையாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டவனைப்போல வானத்தின் ஓரமாகவே நடந்து மறைந்தது. பிரிந்தவரை நினைப்பதற்கென்றே இப்பருவத்தை வகுத்து வைத்தார்கள் பழம்புலவர்கள். அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அதை நினைவூட்டப் புலவர் யாரும் தேவைப்படவில்லை.

வீடு என்பது மூன்று படுக்கையறைகளும் ஒரு சமையலறையும். சமையலறைச் சன்னலின் உட்புறம் எந்நேரமும் வியர்த்திருக்கும். சுவரோரத்து வெப்பக் குழாயின்மேல் காலுறைகள் காயும். உணவு மேசையின் பாதியை அட்டையில் வெட்டி ஒட்டிய சிறு கட்டடங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். அவை சின்னவளுடையவை. கட்டடக்கலை படிக்க வந்தவள். கத்தி பட்டு ஏதாவதொரு விரலில் பிளாஸ்திரி இல்லாத நாள் அவளுக்கு இல்லை.

அடுத்த அறையில் அவளுடைய அண்ணி. அண்ணன் ஊரில் வேலையில் இருக்க, மருந்தியல் ஆய்வுக்காக இங்கே வந்தவள். ஆய்வகத்தில் அவள் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கும் உயிரணுக்களுக்குச் சனியும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. வேளை தவறாமல் ஊட்டம் மாற்ற வேண்டும். "அக்கா பச்சப்புள்ளக்காரி மாதிரி. ஒரு படம் பாக்கப் போனாக்கூட இடைவேளையில ஓடியாகணும்" என்பான் மூன்றாம் அறைக்காரன்.

வாடகையைப் பங்கிட்டுக்கொண்ட அந்த மூன்றாம் அறைக்காரனுக்கு வீட்டில் வழங்கிய பெயர் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி என்று முழுப் பெயரிட்டவள் சின்னவள். அவ்வளவு உயரம். நிலைப்படியில் நெற்றி இடிக்காமல் அவன் சமையலறைக்குள் நுழைந்ததாக வரலாறு இல்லை.

இளவேனிலில் ஊரில் சின்னவளின் அப்பா இறந்தார். அப்போது அவளுக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. போனால் ஓராண்டுப் படிப்பும் போகும், விசா சிக்கலில் திரும்பி வரும் வழியும் அடைபடலாம். "வேண்டாம், எழுதி முடிக்கட்டும்" என்று முடிவு சொன்னவள் அண்ணி. தொலைபேசியின் மறுமுனையில் அழுதுகொண்டிருந்த அண்ணன், "நீ சொன்னா சரி" என்றான். சின்னவள் எழுதினாள், தேறினாள். அதன்பின் அண்ணி என்ற சொல்லை அவள் கல் கடித்த வாய்போலச் சொல்லத் தொடங்கினாள்.

விடியலில் எழுந்து, சமையலறை மூலையில் ஒரு டம்ளர் நீர் வைத்து, தன் தந்தையிடம் கற்ற பதிகத்தைப் பாடுவது அண்ணியின் பழக்கம். நல்ல குரல், சுவருக்கு அப்பாலும் கேட்கும் குரல்.

"சாமி என்ன செவிடா? இவ்ளோ சத்தமாப் பாடறீங்க?"

"சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்குது. உனக்குத்தான் விடிஞ்சது தெரிய மாட்டேங்குது."

"தெரியாமப் போனா நல்லது. தெரிஞ்சு என்னத்தக் கண்டேன்?"

அண்ணி குழாயைத் திறந்து பாத்திரம் கழுவத் தொடங்குவாள்.

சின்னவளின் அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அமாவாசை தவறாமல் கடலுக்குப் போவார். கால் நனையுமுன் குனிந்து ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார். மறைந்தவர்களை ஒவ்வொருவராக நினைப்பார். அதன் பிறகே காலை வைப்பார். முதலில் கால் வைத்தால் அது கடலை மிதிப்பதாகும் என்பது அவர் கணக்கு. மருமகளாய் வந்த நாள்முதல் அண்ணியும் அவரோடு போனவள்தான்.

ஆகவே ஒரு மாலை, அட்டைக் கட்டடங்களுக்கு நடுவே தட்டை வைத்துக்கொண்டு, அண்ணி மெல்லச் சொன்னாள்: "வர்ற சனிக்கிழம அமாவாச. கடலுக்குப் போவமா? அப்பாவுக்காக."

சின்னவள் பசை தடவிய சுவர் ஒன்றை அதன் இடத்தில் அழுத்திப் பிடித்தாள். பிறகு, "ம்" என்றாள். பல மாதங்களுக்குப் பின் அவள் வாயிலிருந்து வந்த கசப்பில்லாத எழுத்து அது ஒன்றுதான்.

உயிரணுக்களைப் பார்த்துக்கொள்ள ஆய்வகத் தோழி ஒருத்தி ஒத்துக்கொண்டாள். ஒட்டடை வாடகைக் கார் எடுத்தான். புறப்படும் முன் அண்ணன் பேசினான். "அப்பாவும் போயிட்டாரு. எனக்குன்னு அவ ஒருத்திதான் இருக்கா. பாத்துக்க."

"உங்க தங்கச்சிய முழுசாக் கொண்டாந்து சேக்கறேன். போதுமா?" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பின்னால் நினைவுக்கு வந்தது.

கோடையில் கூட்டம் பிதுங்கும் ஊர் அது என்பதற்குப் பூட்டிய கடைகளே சாட்சி. கடலோரத் தெருவில் இழுத்து மூடிய ஷட்டர்களைக் காற்று தட்டித் தட்டிப் பார்த்தது. விடுதியின் மாடியறையில் பைகளை வைத்துவிட்டு, நண்பகலுக்குச் சற்றுப் பின், மூவரும் கரைக்கு வந்தார்கள். கற்சுவர், சுவரிலிருந்து மணலுக்கு இறங்கும் படிகள், படிகளின் தலைப்பில் ஓர் அறிவிப்புப் பலகை. அந்தப் பலகைக்கு முன்னே தோளோடு தோள் நின்று அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். எழுத்துகளை மூன்று முதுகுகள் மறைத்தன. படிகளில் ஏறக்குறைய மேல்வரை பாசி படர்ந்திருந்தது. அந்தப் பாசி அத்தனை உயரம் ஏன் ஏறியிருக்கிறது என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஏனென்றால் அவர்கள் கேட்டது வேறு.

"கடல் எங்க?" என்றாள் சின்னவள்.

"சீசன் முடிஞ்சிருச்சுன்னு சுருட்டி உள்ள வச்சுட்டாங்க போல" என்றான் ஒட்டடை.

கண் எட்டியவரை மணல். ஈரம் மினுக்கும், அலைவரி படிந்த, முடிவில்லாத மணல். வெகுதூரத்தில், வானத்தின் அடிவிளிம்பில், வெள்ளி இழை ஒன்று. அதுதான் கடல்.

அவர்கள் பிறந்து வளர்ந்த கரையில் கடல் தன் இடத்திலேயே நின்று சீறும். வீட்டு முற்றத்தளவு ஏறும், அவ்வளவே இறங்கும். எல்லை கடவாத பெருமைக்கு அண்ணி கற்ற பாட்டுகள் எல்லாம் காட்டிய உவமை கடல்தான். ஆகவே கடல் அங்கே இருக்கிறது என்றால் அங்கேதான் இருக்கும். போய்த் தொட்டுவிட்டு வரலாம். இதில் ஐயுறுவதற்கு என்ன இருக்கிறது?

"நடந்தே போகணுமா? அக்கா, நான் வரல. என் காலுக்கு இன்னும் ஒரு நாப்பது வருசம் வேல இருக்கு" என்று ஒட்டடை கோட்டின் கழுத்தை உயர்த்திக்கொண்டான். "கார்ல ஹீட்டர் போட்டு உக்காந்திருக்கேன். எனக்கும் சேத்து ரெண்டு சொட்டு தெளிச்சுக்கங்க."

சின்னவள் அதற்குள் இறங்கிவிட்டிருந்தாள். அண்ணி பின்தொடர்ந்தாள்.

சற்றுத் தொலைவில் மணலில் ஒரு நீள்பள்ளம் கரைக்கு இணையாக ஓடியது. அதன் அடியில் கணுக்கால் அளவு நீர் தேங்கியிருந்தது. அதைத் தாண்டியதும் திட்டுப்போல் மேடு. அங்கே இருவரும் பூட்ஸைக் கழற்றி, காலுறைகளை உள்ளே திணித்து, நாலையும் வரிசையாக வைத்தார்கள். அப்பாவோடு போனபோதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கடலை நெருங்கினார்கள். அயலூரானாலும் கடல் கடல்தானே. மணலின் குளிர் உள்ளங்காலை ஊசியால் தைத்தது.

"அடையாளமாவும் இருக்கும்" என்றாள் அண்ணி.

சின்னவள் முன்னே நடந்தாள்.

நடக்க நடக்க வெள்ளி இழை அதே தொலைவில் நின்றது. ஒருமுறை அண்ணி திரும்பிப் பார்த்தாள். கற்சுவர் விரல்நுனி அளவு சிறுத்திருந்தது. கார் ஒரு பொத்தான். இன்னொரு முறை திரும்பியபோது சுவரும் இல்லை, காரும் இல்லை. வெண்மையான ஏதோ ஒன்று, அடுப்பில் பால் பொங்கி வருவதுபோல ஓசையின்றி மணல்மேல் தவழ்ந்து வந்து அவற்றை மூடியிருந்தது.

"பனி இறங்குது, சின்னு. போதும், திரும்பிடலாம்."

"தண்ணியத் தொடாம நான் வரமாட்டேன்."

"இங்கயே தேங்கி நிக்குதே. இதுவும் கடல்தண்ணிதான்."

"எல்லாத்துலயும் உங்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கும், இல்ல? அப்பாவுக்குக் குட்டத்தண்ணியா?"

அப்போது சின்னவளின் பையில் தொலைபேசி அதிர்ந்தது. ஒட்டடை. குரல் துண்டு துண்டாக வந்தது.

"எங்க இருக்கீங்க? திரும்புங்க! உடனே திரும்புங்க! அந்த போர்ட இப்பத்தான் படிச்சேன். கடல் திரும்ப வரும், படி வரைக்கும் வருமாம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ரெட்டை வேகமாம், செவப்புல போட்டிருக்கான். பின்பக்கமா சுத்தி…"

அறுந்துவிட்டது.

சின்னவள் வரைபடத்தைத் திறந்தாள். அவர்கள் நிற்குமிடத்தைக் காட்டும் புள்ளி தெரிந்தது. அதைச் சுற்றி நாற்புறமும் நீலம். நிலத்தின் கோடு எங்கோ ஓரத்தில் இருந்தது.

"அண்ணி," என்றாள். குரலில் கல் இல்லை. "மேப்புல நாம கடலுக்குள்ள நிக்கறோம்."

நிலம் எந்தப் பக்கம் என்று பார்க்கத் திரையைத் திருப்பினாள். குளிரில் உயிர் குன்றியிருந்த தொலைபேசி கண்ணை மூடிக்கொண்டது. அண்ணியுடையதோ விடுதியறையில் மின்னேற்றியில் மாட்டிக் கிடந்தது.

இருவரும் திரும்பி நடந்தார்கள். நடந்தார்கள் என்பது ஓட்டமாயிற்று. தங்கள் காலடித் தடங்களே வழி என்றிருந்தது. ஆனால் தடங்கள் ஒவ்வொன்றிலும் நீர் ஊறி, விளிம்பு கரைந்து, சற்று நேரத்தில் மணல் எழுதாத பலகையாயிற்று. வெண்மை அவர்களை வந்து சூழ்ந்தது. நீட்டிய கையின் விரல்கள் மங்கின. எங்கிருந்தோ, நெருப்பில் நீர் தெளிப்பதுபோல ஒரு சீற்றம் தொடர்ந்து கேட்டது. அது எந்தத் திசை என்று சொல்ல முடியவில்லை. எல்லாத் திசையிலும் இருந்தது.

"இந்தப் பக்கம்" என்று சின்னவள் இழுத்தாள்.

"நில்லு."

"நிக்கறதா? தண்ணி வருது அண்ணி!"

"வருதுன்னுதான் நிக்கச் சொல்றேன். தெரியாத பக்கம் ஓடினா கடலுக்குள்ளதான் ஓடுவோம். மூச்ச அடக்கு. கேளு."

ஆய்வகத்தில் தட்டு ஒன்று கவிழ்ந்தால் முதற்கடன் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது. பதறித் துடைக்கப் போனால் எல்லாத் தட்டும் கெடும். அந்தப் பழக்கம் இப்போது அவள் கால்களைப் பிடித்து நிறுத்தியது. ஆனால் நெஞ்சு நிற்கவில்லை. உங்க தங்கச்சிய முழுசாக் கொண்டாந்து சேக்கறேன். போதுமா? போதுமா?

சின்னவள் வெடித்தாள். "எப்பவும் நீங்களே முடிவு பண்ணுங்க! நில்லுன்னா நிக்கணும், எழுதுன்னா எழுதணும். அப்பா மொகத்த ஒருதடவ பாக்க விட்டீங்களா? நீங்கதான விடல!"

"ஆமா," என்றாள் அண்ணி. "நான்தான் விடல. நான்தான் சொன்னேன். அதுக்கு என்ன தண்டனையோ கரையில போய்க் குடு. இப்பக் கேளு."

நீர் வந்து பெருவிரலை நக்கிற்று. பின்வாங்கவில்லை. வந்தது அங்கேயே நின்று, உயர்ந்தது.

அப்போது கேட்டது. மிக மெலிதாக, ஒரு கார் ஹாரன். ஒருமுறை. நீண்டதாக. இன்னொருமுறை.

"அந்தப் பக்கம்!" என்றார்கள் இருவரும், சுட்டிய கைகள் வெவ்வேறு திசையில் நின்றன. பனி ஒலியையும் பிசைந்து வைத்திருந்தது. அண்ணி கண்ணை மூடினாள். மூன்றாம் முறை ஒலித்தபோது தலையை மெல்லத் திருப்பி, இரு காதிலும் ஒரே அளவாக விழும்வரை திருப்பி, "இதுதான்" என்று சின்னவளின் கையைப் பிடித்தாள்.

"அவனுக்கும் நாம எங்க இருக்கோம்னு தெரியணுமே" என்றாள் சின்னவள்.

அண்ணி பாடத் தொடங்கினாள். கூவியிருக்கலாம், கூவினால் இரண்டு கூவலில் குரல் உடைந்துவிடும். பாட்டுக்கு மூச்சை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியும். சமையலறை மூலையில் விடியல்தோறும் பாடிய அதே பதிகம், அடியெடுத்து, ஒரு சீர் பிசகாமல், அந்த வெண்ணிருளில் எழுந்தது. பாடிக்கொண்டே நடந்தாள். நீர் கணுக்கால், கெண்டைக்கால் என்று ஏறியது. ஹாரன் ஒலி இப்போது விடாமல் கேட்டது. பிறகு அது மாறி, அலறலாயிற்று. வாடகைக் காரின் திருட்டு எச்சரிக்கை மணி. யாரோ அதைக் கிளப்பிவிட்டு அலறவிட்டிருந்தார்கள்.

திட்டு தட்டுப்பட்டது. மேடு என்று கால்தான் சொன்னது. கண்ணுக்கு அங்கே மேடில்லை. வரிசையாய் வைத்த பூட்ஸ் நாலில் ஒன்று மட்டும், தோணி போலச் சுழன்று சுழன்று, அவர்களைக் கடந்து போயிற்று. அதற்கப்பால் பள்ளம். வரும்போது கணுக்கால் நனைத்த பள்ளம். இப்போது அது ஓர் ஆறு. கடல் முன்னாலிருந்து வரவில்லை. முதுகுப்புறமாகச் சுற்றி வந்து, வாசற்படியை முதலில் அடைத்துவிட்டு, நிதானமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

அண்ணிக்கு நீச்சல் தெரியாது. இருவருக்கும் அது தெரியும்.

"நீ குளத்துல நீந்துவல்ல? நீ போ. போய் அவனக் கூட்டிட்டு வா."

"கூட்டிட்டு வர்ற வரைக்கும் நீங்க நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு வராது." சின்னவளின் பற்கள் அடித்துக்கொண்டன. "அப்பாவையும் போக விட்டேன். உங்களையும் விடணுமா? நடக்காது."

அண்ணியின் கழுத்திலிருந்த கம்பளிச் சால்வையை உருவி, ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும் மறுமுனையை அண்ணியின் மணிக்கட்டிலும் முடிந்தாள். அட்டைகளை இழுத்துக் கட்டிப் பழகிய விரல்கள். முடிச்சு ஒரே இழுப்பில் இறுகியது.

பள்ளத்தின் விளிம்பில் அண்ணி ஒருகணம் தாமதித்தாள். அவள் வலக்கை தானாகவே கீழே தாழ்ந்தது, நீரை அள்ள.

"அண்ணி! இப்பவா?"

கை பாதியில் நின்றது. இறங்கினார்கள்.

குளிர் விலாவைப் பிளந்தது. இடுப்பு, வயிறு, மார்பு. நீர் மேலே ஏறியதைவிடப் பக்கவாட்டில் இழுத்ததுதான் கொடிது. பத்துப்பேர் கூடிச் சேலைத்தலைப்பைப் பற்றி இழுப்பதுபோல் ஓர் இழுப்பு. அண்ணி பாடிக்கொண்டே வந்தாள், பாட்டு விக்கியது, உப்புநீர் வாய்க்குள் போயிற்று, நின்றுவிட்டது. கரையில் காரின் அலறல் மட்டும். கால் வழுக்கியது. சால்வை விறைத்தது.

அப்போது விட்ட அடியிலிருந்து வேறொரு குரல் எடுத்தது. சுருதி இல்லாத குரல். சுவருக்கு அப்பால் படுத்து, தலையணையால் காதைப் பொத்தி, வைதுகொண்டே விடியல்தோறும் கேட்டவளின் குரல். ஒரு சொல் தவறவில்லை. அடுத்த அடியும் தெரிந்திருந்தது, அதற்கடுத்ததும். பாடிக்கொண்டே சின்னவள் இழுத்தாள். கத்திக்கொண்டே என்றும் சொல்லலாம்.

"எங்க? எங்க?" என்று வெண்மைக்குள்ளிருந்து ஒருவன் அலறினான். "நிறுத்தாத, பாடு! பாடு!"

பனியிலிருந்து ஒரு கை வந்தது. நீண்ட கை. அதைத் தொடர்ந்து ஒட்டடை வந்தான். அவர்களுக்குக் கழுத்து மூழ்கும் இடத்தில் அவனுக்கு நீர் நெஞ்சுக்குழிக்குக் கீழே நின்றது. ஒரு கையால் சின்னவளின் கோட்டைப் பற்றினான். சால்வையை மறுகையில் சுற்றினான். நட்டு வைத்த கல்தூண்போல ஒருகணம் நின்று, பின் அடியடியாகப் பின்னோக்கி நடந்தான். அண்ணியின் கால் மணலைத் தொட்டது. அதன்பின் பாசிப்படியைத் தொட்டது.

படியில் மூவரும் குப்புற விழுந்து கிடந்தபோது, பலகையில் இருந்த எண்ணுக்கு ஒட்டடை அழைத்திருந்த மீட்புப் படையினர் விளக்குகளோடு வந்து சேர்ந்தார்கள். போர்வை போர்த்தினார்கள், நாடி பார்த்தார்கள், சூடான பானம் கொடுத்தார்கள், தங்கள் மொழியில் நெடுநேரம் திட்டினார்கள். மூவரும் தலையைக் குனிந்து, அந்தத் திட்டை வாங்கிக்கொண்டார்கள். திட்டுவதற்கு ஆளிருப்பதே அப்போது பெரும்பேறாக இருந்தது.

"காரை ஏன்டா அலற விட்ட?" என்றாள் அண்ணி, உதடு நீலமாக.

"நான் தண்ணிக்குள்ள வந்துட்டா ஹாரன யாரு அடிக்கறது? கதவ இழுத்து ஆட்டினேன். அது திருடன் வந்துட்டான்னு கத்த ஆரம்பிச்சிருச்சு." அவனுக்கு நடுக்கத்தில் சிரிப்பு உடைந்து உடைந்து வந்தது. "அக்கா, பாட்டு கொஞ்ச நேரம் தூரத் தூரப் போச்சு. செத்தேன்னு நெனச்சேன். அப்பறம் இந்தக் கழுத பாடினது கேட்டுச்சு. அவ்ளோ கர்ணகடூரமா ஒண்ண இந்த உலகத்துல தவற விட முடியாது."

சின்னவள் வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருவாள். அன்று அவன் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

இரவு விடுதியறையில் மூவரும் எல்லாப் போர்வைகளையும் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். அண்ணன் பேசியபோது, "கடல் பாத்தாச்சு. நல்லாப் பாத்தாச்சு" என்று மட்டும் சொன்னாள் அண்ணி. சால்வை கதவின் கொக்கியில் தொங்கிற்று. ஈரத்தில் இறுகிய முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரியால் வெட்டியிருந்தார்கள்.

விடியலில் அண்ணிக்கு விழிப்பு வந்தபோது சின்னவளின் படுக்கை வெறுமையாக இருந்தது. விடுதிக்காரர் கொடுத்த பெருஞ்செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினாள். அவள் ஓடிய சத்தத்தில் ஒட்டடையும் எழுந்து, நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு, பின்னால் வந்தான்.

பனி விலகியிருந்தது. கற்சுவரின் அருகே வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

மணல் இல்லை. நேற்று நடந்த அந்தப் பெருவெளி முழுவதும் கடலாயிருந்தது. நிறைந்த கடல்; அலையும் இரைச்சலும் இன்றி, விளிம்புவரை பால் நிரப்பிய பாத்திரம்போலத் தளும்பிக்கொண்டு, பாசி எழுதி வைத்திருந்த எல்லைவரை சரியாக ஏறி நின்றது. தேடிப் போகாமல் காத்திருந்தால் கடலே படிவரை வந்திருக்கும்.

மேலிருந்து மூன்றாம் படியில் சின்னவள் அமர்ந்திருந்தாள். செருப்புகள் மேற்படியில் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. கால்களை மடக்கி, நீர் படாதபடி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"தனியா வந்தியா? சொல்லிட்டு வரக்கூடாது?"

"தூங்கிட்டிருந்தீங்க." திரும்பாமலே சொன்னாள். "நேத்து முதல்ல கால வச்சுட்டோம் அண்ணி. அப்பா பாத்திருந்தா திட்டியிருப்பாரு."

அண்ணி அவளருகே படியில் அமர்ந்தாள். கீழ்வானம் சாம்பலிலிருந்து செந்நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. சின்னவள் குனிந்து, பிளாஸ்திரி சுற்றிய விரல்களைக் குவித்து, ஒரு கை நீரை அள்ளினாள். தன் தலையில் தெளித்துக்கொண்டாள். இன்னொரு கை அள்ளினாள். சற்றுத் தயங்கி, அண்ணியின் உச்சியில் தெளித்தாள். மூன்றாவது கை நீரைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, விரல்களின் இடுக்கு வழியே மெல்ல மெல்லக் கடலிலேயே விட்டாள். அவள் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்பது அவளுக்கும் அவள் தந்தைக்கும் உரியது.

பிறகு அந்தக் குறுகிய படியில் ஒருக்களித்துத் திரும்பி, ஈரக் கையால் அண்ணியின் பாதங்களைத் தொட்டாள்.

அண்ணி அவள் தலைமேல் கை வைத்தாள். "நல்லா இரு, சின்னு. உங்கப்பா பேரு உன்னால நெலைக்கணும். நீ கட்டற வீடெல்லாம் நிறைஞ்சு இருக்கணும்."

"அக்கா, எனக்கு?" என்றான் மேற்படியில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்ற ஒட்டடை.

அண்ணி அண்ணாந்து பார்த்தாள், சிரித்தாள், அவனுக்கும் சேர்த்து இன்னொரு கையையும் உயர்த்தினாள்.

"நீயும் நல்லா இருப்பா. எங்க போனாலும், எவ்ளோ தூரம் போனாலும், எல்லாரும் பத்திரமா வீடு வந்து சேருங்க."